இன்ஸ்பெக்டருக்கு ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் நாய் செத்த மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் அதற்கு எலும்பு வாங்கப் போனோம்.

இதைக் கேட்டால் எங்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. ஆனால் முழுக் காரணம் அது இல்லை. பசியும் இருந்தது.

நான் ஒரு சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவள். தெருவில் என்னை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னோடு வாடகையைப் பாதி பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஊருக்கு அவள் டிரைவரக்கா, எனக்கு வெறும் டிரைவர். எங்கள் இருவருக்கும் புருஷன், பிள்ளைகுட்டி என்று யாரும் கிடையாது. இருந்தது ஒரு நாய். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று கவிழ்ந்திருக்கும். வயிறு தரையைத் தொடாததே அதிசயம். பெயர் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பெயரை வைத்தது நாங்கள் அல்ல, தெரு. காலையில் காலாற நடக்கட்டும் என்று கூட்டிப் போனால் அது கடை கடையாக நின்று மாமூல் வசூலிக்கும். கறிக்கடையில் எலும்பு, பேக்கரியில் உடைந்த ரஸ்க், காய்கறிக் கடையில் கேரட். வாங்காமல் ஒரு அடி நகராது. கறிக்கடையில் மட்டும் ஒரு சட்டம் உண்டு. படியில் உட்கார்ந்தால்தான் எலும்பு. “உக்காருங்க சார்” என்பார் கடைக்காரர். சார் பின்பக்கத்தைப் படியில் சாய்த்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதது போல உட்காருவார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடையில் முதல் வியாபாரமே நடக்கும்.

எங்கள் கையில் காசு வற்றிய நேரம் பார்த்துத்தான் அதற்கு உடம்புக்கு வந்தது. தியேட்டரில் கூரை ஒழுகுகிறது என்று மூடிவிட்டு எனக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை, அதனால் டிரைவருக்கு அந்தப் பாதியும் இல்லை. இன்ஸ்பெக்டருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். ஊசி, சலைன், மறுபடி ஊசி. டிரைவரின் வளையல் போயிற்று. என் பீரோ போயிற்று. இப்போது என் புடவைகள் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் அவன் டிரைவரின் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மரத்தடியில் புதைத்துக்கொள்ள டாக்டர் இடம் கொடுத்தார்.

மறுநாள் வழக்கம் போல விடியும் முன்பே முழிப்பு வந்துவிட்டது. வீட்டில் அவன் படுத்த சாக்கு மட்டும் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்தேன், செருப்பைப் போட்டேன். டிரைவரும் கூடவே கிளம்பி வந்தாள். கால் தானாகக் கறிக்கடைக்குப் போயிற்று.

கறிக்கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் எங்களுக்கும் அவருக்கும் போன மாதம் ஒரு உரசல். எங்கள் நிலைமை தெரிந்து, “கொஞ்சம் கறி எடுத்துட்டுப் போங்கக்கா, காசு அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். டிரைவருக்கு வந்ததே கோபம்! “கை நீட்டி வாங்கற பழக்கம் எங்க பரம்பரையிலயே கிடையாது” என்று ஆரம்பித்து, கடையில் நின்ற எல்லோரும் கேட்க ஒரு பிரசங்கம் செய்துவிட்டாள். பாவம் மனிதர், வெட்டுக் கத்தியைக் கையில் பிடித்தபடி திருடனைப் போல முழித்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் எதுவும் கொடுப்பதில்லை. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் எலும்பு.

“எங்கக்கா இன்ஸ்பெக்டர்?” என்றார்.

செத்துப் போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை தொண்டையில் வந்து நின்றுகொண்டது. அது வெளியே வந்துவிட்டால் நிஜமாகவே செத்துவிடும் என்று ஒரு பயம். அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

“லேசா காய்ச்சல். வீட்ல படுத்திருக்காரு.”

ஆளே இல்லாத தியேட்டரில் ‘ஒரே ஒரு சீட்தான் இருக்கு, ஓடி வாங்க’ என்று சொல்லிப் பழகிய வாய் இது. பொய் சொன்னால் என் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கயிற்றைச் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்த என் கையைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். அவள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காய்ச்சல்னா சூப்பு நல்லது” என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடப் பெரிய எலும்பாக எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போட்டுக் கொடுத்தார்.

பேக்கரியிலும் அதே கதைதான். “அச்சச்சோ, காய்ச்சலா?” என்று கடையில் இருக்கும் பெண் ரஸ்க் கொடுத்தாள். காய்கறிக்காரர் ஐயா கேரட் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பியதும் டிரைவர் என்மேல் பாய்ந்தாள்.

“ஏண்டி, செத்துப்போனவன் பேரைச் சொல்லி எலும்பு வாங்கிட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“உன்னை யாரு பொத்திக்கிட்டு நிக்கச் சொன்னா? நீ சொல்லியிருக்கலாமே!”

அவளுக்கும் அந்த வார்த்தை வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் மேசைமேல் இருந்த எலும்பைப் பார்த்தோம். நாங்கள் வாரக்கணக்கில் வெறும் ரொட்டியும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்.

“நாய்க்குக் குடுத்ததை நாம தின்னுறதா?” என்றாள், கொஞ்சம் சுருதி குறைந்து.

“அவன் இருந்தா நமக்கும் ஒரு துண்டு வச்சிருப்பான்.”

“யாரு, அவனா? எறும்புக்குக்கூட வச்சிருக்க மாட்டான்.”

அதற்குச் சிரித்துவிட்டோம். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே அடுப்பைப் பற்ற வைத்தேன். சூப்பு அவ்வளவு ருசியாக இருந்திருக்கக் கூடாது. துக்க வீட்டில் இரண்டாவது கிண்ணம் கேட்பது என்ன நியாயம்? டிரைவர் மூக்கைச் சிந்திவிட்டு மூன்றாவது கேட்டாள்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனோம். கறிக்கடைக்காரர் எங்களை முந்திக்கொண்டு, “காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்டார். “விட்டுடுச்சு, ஆனா கால் பிசகிடுச்சு” என்று என் வாய் சொல்லிற்று. அன்று எலும்போடு சதையும் நிறைய ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி மழுங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் மிளகுத்தூள்.

“யாரோட பொட்டலமோ மாறி வந்திருக்கு” என்றேன்.

“திருப்பிக் குடுக்கணும்” என்றாள் டிரைவர், சூப்பில் அதைத் தூவிக்கொண்டே.

பேக்கரிப் பெண் உடைந்த ரஸ்கை நிறுத்திவிட்டு, வெண்ணெய் தடவிய பன் கொடுக்க ஆரம்பித்தாள். நாய்க்குக் கால் பிசகினால் வெண்ணெய் நல்லது போலும் என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் கேக் துண்டு இரண்டு கொடுத்து, கூடவே மரக்கரண்டி இரண்டு வைத்தாள். காய்கறிக்காரர் ஐயா கேரட்டோடு உருளைக்கிழங்கு போட்டார், வெங்காயம் போட்டார், பிறகு ஒரு எலுமிச்சம்பழம் போட்டார்.

“டிக்கெட், நாய் எலுமிச்சம்பழம் தின்னுமாடி?” என்று வழியில் டிரைவர் மெதுவாகக் கேட்டாள்.

“பெரியவர் பாசத்துல போடறாரு. அவருக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்?”

“கரண்டி?”

“அந்தப் பொண்ணு எல்லாருக்கும் வைக்கும். கை பழக்கம்.”

என்னைப் போல ஒரு சாமர்த்தியக்காரி இந்தத் தெருவில் இல்லை என்று அப்போது எனக்கு நினைப்பு. ஒரு தெரு முழுவதையும் என் விரலில் சுற்றி வைத்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட. டிரைவர்தான் அவ்வப்போது சொதப்புவாள். நான் முன்னங்கால் என்று சொல்லியிருக்க, அவள் பேக்கரியில் போய்ப் பின்னங்கால் என்று சொல்லிவிட்டாள். “ரெண்டும்தான்” என்று நான் பாய்ந்து சமாளித்தேன். “பாவம், அப்ப எப்படித்தான் நிக்குதோ” என்றாள் பேக்கரிப் பெண். ஏனோ தெரியவில்லை, சட்டென்று குனிந்து அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கே சங்கடமாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், அந்தக் காலை நடை இல்லாமல் நாங்கள் பிழைத்திருக்க மாட்டோம். எலும்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு கடையிலும் யாராவது “எப்படி இருக்காரு?” என்று கேட்பார்கள். அந்த ஒரு நிமிஷம் அவன் எங்கேயோ சாக்கில் படுத்துக்கொண்டு காலை நக்கிக்கொண்டிருப்பான். திரும்பி வீட்டுக்குள் நுழையும்போதுதான் மறுபடி செத்துப்போவான். தினமும் ஒரு முறை அவனைச் சாகக் கொடுப்பது எங்களுக்குப் பழகவே இல்லை.

அப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி, காய்கறிக்காரர் ஐயா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய அன்று தடம் புரண்டது.

சாயங்காலம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனிதர் வேட்டி சட்டையெல்லாம் சலவையாக உடுத்திக்கொண்டு, கையில் ஒரு எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்கிறார்.

“டிரைவர்! ஐயா வந்திருக்காருடி! நாயைப் பாக்க வந்திருக்காரு!”

“நாய்க்கு நான் எங்கடி போவேன்?”

“உள்ள போ. குளியலறைக்குள்ள போய்க் குலை!”

“என்னது?”

“குலைடி!”

அவளைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வாசலைத் திறந்தேன். ஐயா உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுளுக்குக்கு இந்த எண்ணெய் கைகண்டது என்றார். பார்க்கலாமா என்றார்.

“அது இப்ப யாரையும் பக்கத்துல விடறதில்லங்கய்யா. கடிக்க வருது. அதான் குளியலறையில விட்டிருக்கேன்” என்றேன். உடனே உள்ளேயிருந்து சத்தம் வந்தது. என்ன சொல்வது! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வேன் ஹார்ன் அடித்துப் பழகியவள் அல்லவா, ஹார்ன் அடிப்பது போலவே குலைத்தாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, பிறகு வளைவில் திரும்புவது போல இழுத்து ஒன்று. போதும் என்று நான் கதவைத் தட்டினேன். இன்னும் வேண்டும் என்று புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. வெளுத்துக் கட்டினாள்.

ஐயா எழுந்து போய் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையைக் கதவின்மேல் வைத்தார்.

“இன்ஸ்பெக்டர் ஐயா” என்றார். “நீங்க வராததுல இருந்து எனக்குக் காலைல கடையத் திறக்கவே மனசு வரல. திறந்தா முதல் ஆளா நீங்கதான் வந்து நிப்பீங்க. எங்க வீட்டுக்காரி செத்துப்போன வருஷம் கடையில தனியா உக்காந்திருந்தேனே, அப்பவும் நீங்க மட்டும்தான் கேரட்ட வாங்கின பிறகும் கிளம்பாம பக்கத்துல படுத்துக்கிட்டீங்க. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு வந்தேன். வேற ஒண்ணுமில்ல.”

குலைப்பு நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாய் அப்படி உறிஞ்சாது. நான் இருமி மறைக்கப் பார்த்தேன். இருமல் வரவில்லை, எனக்கும் அழுகைதான் வந்தது. ஐயா எண்ணெயை மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனார்.

டிரைவர் முகமெல்லாம் வீங்க வெளியே வந்தாள்.

“நாளைக்குச் சொல்லிடறோம். இல்லன்னா நான் இந்தத் தெருவுல வண்டி ஓட்ட மாட்டேன்.”

“காறித் துப்புவாங்கடி” என்றேன்.

“துப்பட்டும். அந்த மனுஷன் நம்ம பாத்ரூம் கதவைக் கட்டிக்கிட்டுப் பேசிட்டுப் போயிருக்காரு.”

அன்று ராத்திரி சூப்பு வைக்கவில்லை. வயிறு அதன் பாட்டுக்குக் கத்திற்று. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நாய் போயாயிற்று. நாளைக்குத் தெருவும் போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் ஒரு சாக்கும் மட்டும் மிச்சம் என்று தோன்றிற்று.

காலையில் கறிக்கடைக்குப் போனால், பேக்கரிப் பெண்ணும் காய்கறிக்காரர் ஐயாவும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. மூன்று இடத்தில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

“கால் எப்படிக்கா இருக்கு?” என்றார் கறிக்கடைக்காரர்.

கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். “கால் நல்லாத்தான் இருந்துச்சு. காய்ச்சலும் இல்ல. எல்லாம் பொய்.” அந்த வார்த்தை மறுபடி தொண்டையில் வந்து நின்றது. “அண்ணே, இன்ஸ்பெக்டர் செத்துப் போச்சுண்ணே. நான் காய்ச்சல்னு வந்து சொன்னேனே, அதுக்கு முந்தின நாளே செத்துப் போச்சு.”

யாரும் காறித் துப்பவில்லை. யாரும் ஆச்சரியப்படக்கூட இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

“தெரியும்க்கா” என்றார்.

“எப்ப தெரியும்?”

“முதல் நாளே.” அவர் கத்தியால் என் கையைக் காட்டினார். “நாய்க்குக் காய்ச்சல்னா, கழுத்துப்பட்டையக் கழட்டிக் கயித்தோட கையில பிடிச்சுக்கிட்டு யாராச்சும் தெருவுல நடப்பாங்களா?”

குனிந்து பார்த்தேன். கயிற்றின் முனையில் காலியான பட்டை ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அதைத் தரையில் இழுத்துக்கொண்டுதான் கடை கடையாகப் போயிருக்கிறேன். தெருவையே விரலில் சுற்றியவள் நான்!

“நேத்துக் குலைச்சது டிரைவரம்மான்னும் தெரியும்” என்றார் ஐயா. “இன்ஸ்பெக்டர் ஒரு குலைப்புக் குலைச்சாலே உக்காந்து மூச்சு வாங்குவாரு. நேத்து மாதிரி அவரு என்னைக்குக் குலைச்சாரு?”

பேக்கரிப் பெண் இந்தத் தடவை அலமாரி கிடைக்காமல் கறிக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவருக்கு மட்டும் வரவில்லை. அவள் முகம் சிவந்து, தாடை இறுகிற்று. பரம்பரைப் பிரசங்கம் வரப்போகிறது.

“அப்ப அந்த மிளகு? அந்தக் கரண்டி? அதெல்லாம் எங்களுக்குன்னு தெரிஞ்சே போட்டீங்களா? எங்களப் பாத்தா பிச்சைக்காரங்க மாதிரி இருக்கா?”

கறிக்கடைக்காரர் இந்தத் தடவை முழிக்கவில்லை.

“இன்ஸ்பெக்டருக்கு இத்தனை வருஷமா குடுத்தேனேக்கா, அது பிச்சையா?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அவரப் பிச்சைக்காரர்னு யாராவது சொல்லியிருந்தா நீங்களே அவனை வண்டி ஏத்திக் கொன்னிருப்பீங்க. வந்தாரு, உக்காந்தாரு, வாங்கிட்டுப் போனாரு. ஒருநாளாவது கூச்சப்பட்டாரா? எனக்கும் முதல் துண்டை அவருக்குக் குடுத்துத்தான் கடை ஆரம்பிச்சுப் பழக்கம். இப்ப அந்தத் துண்டை நான் யாருக்குக் குடுக்கறது?”

டிரைவர் தெருவைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது. ஒன்பது வருஷமாக அவளோடு இருக்கிறேன், அவள் யாரிடமும் ஒரு தீப்பெட்டிகூட இரவல் கேட்டு நான் பார்த்ததில்லை.

கறிக்கடைக்காரர் எலும்பைக் கட்டைமேல் எடுத்து வைத்தார். “யாருக்குக்கா?” என்று கேட்டார்.

அவள் மெதுவாகப் போய் அந்தப் படியில், அவன் உட்காரும் அதே இடத்தில், உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்களுக்குத்தான்ணே” என்றாள். “கொஞ்சம் சின்னதா வெட்டிக் குடுங்க. மிளகுத்தூளும் தீந்துபோச்சு.”